களப்புக்குப் போற வழியை யார் அடைச்சது?



இது நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று கொமென்ட் போட வேண்டாம். ஏச நினைப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு ஏசுங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

விஷயம் எங்கட புத்தளம் களப்பின் கரை.

மேடை போட்டால் எங்கட ஊர்ப் பேச்சாளர்கள் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. 1344ல் இப்னு பதூதா வந்து இறங்கிய மண் இது என்பார்கள். சரி, பெருமைதான். இன்றைக்கு அதே இப்னு பதூதா வந்தால் எந்த இடத்தில் இறங்குவார்? ஒரு பக்கம் முள்ளுக்கம்பி. ஒரு பக்கம் உடைத்த வீட்டுக் கல்லும் பம்பர்ஸ் பையும். ஒரு பக்கம் இருபது வருஷமாக எவரும் எட்டிப் பார்க்காத இறால் பண்ணைக் குழிகள். சுமார் 327 சதுர கிலோமீற்றர் களப்பு இது. கொழும்பு மாநகர சபை எல்லை முழுவதும் சேர்த்து 37 சதுர கிலோமீற்றர். அப்படிப் பார்த்தால் எட்டுக் கொழும்பை இதற்குள்ளே வைக்கலாம். இத்தனை பெரிய களப்பின் கரையில் பிறந்த பிள்ளைக்கு, தண்ணீரில் கால் நனைக்க ஒரு ஒழுங்கான பொது வழி இல்லை.

நாங்கள் ஆசிரியர்கள். விஞ்ஞான பாடத்தில் கண்டல் தாவரம் வரும். மூச்சு வேர் படம் வரும். பிள்ளைகள் அழகாகப் படம் கீறிப் பெயரும் குறித்துவிடுவார்கள். "நேரில் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றால், மீன்பிடிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் கை தூக்குவார்கள். மற்றவர்களுக்கு அது புத்தகத்துப் படம். பள்ளிக்கூடத்திலிருந்து களப்பு எவ்வளவு தூரம்? சைக்கிளில் போனால் கால் மணித்தியாலம்கூட இல்லை.

இந்தக் கரை எப்படி இப்படி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 80களில் இறால் வந்தது. சிலாபத்திலிருந்து புத்தளம் வரைக்கும் கரையோரக் கண்ணாக்காட்டை வெட்டினார்கள். சேற்றை வாரிக் கட்டு எழுப்பினார்கள், தொட்டி தொட்டியாகப் பிரித்தார்கள். சில பேர் நல்லாச் சம்பாதித்தார்கள், அதை மறுக்கவில்லை. 90களில் வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. ஒரு தொட்டியின் கழிவுத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்காரன் உள்ளே எடுக்க, அவனுடையதை அடுத்தவன் எடுக்க, நோய் வரிசையாகப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சப் பேர் கையை விட்டார்கள். போனவர்கள் கட்டை உடைத்துவிட்டுப் போகவில்லை. அதுதான் இன்றைய பிரச்சினையின் வேர்.

கட்டு நிற்கிறதால் களப்புத் தண்ணீர் உள்ளே வர முடியாது. மழை பெய்தால் குட்டை, வெயில் அடித்தால் உப்புப் பூத்த வெடிப்பு நிலம். அதில் கண்ணாவும் வராது, புல்லும் வராது. இறாலும் இல்லை, மீன் குஞ்சும் இல்லை. களப்பு மீன் எங்கே போனது என்று கேட்கும் பெரியவர்களே, நண்டும் இறாலும் கொடுவாயும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளருகிற வீடு அந்தக் கண்ணா வேர்தான். வீட்டை இடித்துவிட்டுக் குடும்பம் எங்கே என்று கேட்டால் எப்படி?

இதைச் சொன்னவுடன் ஒரு கூட்டம் கிளம்பும். "சேர், நாங்க மரம் நடுவோம். ரீ-ஷேர்ட் அடிப்போம். பிரதம அதிதியைக் கூப்பிடுவோம்."

தயவுசெய்து வேண்டாம்.

சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் கரையோரம் முழுக்க அப்படித்தான் நட்டார்கள். சுமார் 1000 முதல் 1200 ஹெக்டயரில் கண்டல் நடப்பட்டதாக, ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2017ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் தப்பியது எவ்வளவு தெரியுமா? 200 சொச்சம் ஹெக்டயர். அவர்கள் போய்ப் பார்த்த 23 இடங்களில் 9 இடத்தில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. காசு போனது, உழைப்பு போனது, கன்றும் போனது. படம் மட்டும் இருக்கிறது. காரணமும் அதே ஆய்வில் இருக்கிறது. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் கண்ட இடத்தில் நட்டார்கள். பென்சில் மாதிரி நீளக் காய் தொங்குமே, அந்த ஒரே இனத்தை எல்லா இடத்திலும் குத்தினார்கள், குத்துவதற்கு லேசு என்பதால். பிறகு மாடு மேய்ந்ததா, பாசி மூடியதா என்று பார்க்க ஆளில்லை.

இதற்கு நேர் எதிரான வேலை எங்கட மாவட்டத்திலேயே, சிலாபத்துக்குப் பக்கத்தில் ஆனவிழுந்தாவையில் நடக்கிறது. 1997ல் சரணாலயம், 2001ல் ராம்சார் ஈரநிலம், பரப்பு 1397 ஹெக்டயர். பழைய காலத்துக் குளங்கள் ஒன்றின் தண்ணீர் அடுத்ததற்குப் போகிற மாதிரி சங்கிலியாக அமைந்த இடம். சரணாலயம் என்று பெயர் இருந்தும் அதற்குள்ளேயே இறால் தொட்டி வெட்டியிருந்தார்கள், அது வேறு கதை. வனஜீவராசிகள் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அங்கே முதலில் கன்றைத் தூக்கவில்லை. கட்டை உடைத்தார்கள். அடைபட்ட வாய்க்கால்களைத் திறந்து தண்ணீருக்கு வழிவிட்டார்கள். தண்ணீர் வந்தால் விதையைத் தண்ணீரே கொண்டு வரும். எந்த இனம் எந்த மட்டத்தில் முளைக்க வேண்டும் என்பதை மண்ணும் தண்ணீரும் தீர்மானிக்கும். தாய்மரம் கிட்ட இல்லாத இடத்தில்தான் ஆள் நட வேண்டும். இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கு முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. அதுவரை மீட்டது 500 ஹெக்டயர், 2030க்குள் 10,000 ஹெக்டயர் என்பது இலக்கு. அந்த 10,000ல் எங்கட கரை எவ்வளவு என்று எங்கட ஊரில் யாராவது கேட்டோமா? கேட்காத ஊருக்கு யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

இனி, எங்கட ஆக்கள் மனதில் இருக்கிற பெரிய பயத்துக்கு வருவோம். இதைப் பேசாமல் தாண்டிப் போனால் இந்தப் பதிவு பொய்.

"ஈரநிலம், பறவை, சரணாலயம் என்று நீங்களே தொடங்கி வைங்க. நாளைக்கு வர்த்தமானி வரும், காணி போகும், தோணி கட்டவும் விடமாட்டான்."

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1990ல் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்ட மக்கள் எங்கட மாவட்டத்தில் ஓலைக் கொட்டிலில் வருஷக்கணக்காக இருந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகும் காலத்தில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் 2012ல் காடு என்று வர்த்தமானி வந்தது. 2017ல் இன்னொன்று வந்தது. வாப்பா பிறந்த காணியில் பற்றை வளர்ந்திருந்ததைக் காட்டி, இது காடு என்றார்கள். ரீவியில் "வில்பத்து" என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எங்கட பெரியவர்களுக்கு வயிறு கலங்கும். சூழல் பாதுகாப்பு என்ற நல்ல சொல்லை ஒரு சமூகத்துக்கு எதிராகத் தூக்கினால், அந்தச் சமூகம் அந்தச் சொல்லையே வெறுக்கும். இதை விளங்காத கொழும்புச் சூழல் ஆர்வலர்களோடு எங்களுக்கும் கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தப் பயத்தை வைத்து இன்றைக்கு யார் சம்பாதிக்கிறான் என்று பாருங்கள். திணைக்களம் வந்து பிடிக்கும் என்று ஊரைப் பயம் காட்டுகிறவனும், இரவோடிரவாக டிப்பரில் மண் கொட்டிக் கரையை நிரப்புகிறவனும் பல இடத்தில் ஒரே ஆள். வேலியைப் போட்டது திணைக்களமா? இல்லை. உறுதியும் இல்லை, பேர்மிட்டும் இல்லை, கேட்டால் "பெரியாக்கள் இருக்காங்க" என்று மட்டும் சொல்கிறவர் போட்டார். பெயர் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. காணி அப்படிக் கைமாறிப் போவதும் போவதுதானே? அதற்கு மட்டும் எங்கட வாய் ஏன் அடைக்கிறது?

எங்கட வாதம் இதுதான். களப்புக் கரையை வேலிக்காரனிடமிருந்தும் வர்த்தமானியிடமிருந்தும் ஒரே நேரத்தில் காப்பாற்றக்கூடிய ஒரு பொருள் உண்டு. அது பொதுப் பாதை. மக்கள் தினமும் நடக்கிற, பிரதேச சபையின் பதிவில் இருக்கிற, வரைபடத்தில் கோடாக விழுந்த ஒரு ஒற்றையடிப் பாதை. ஆள் நடமாட்டமில்லாத நிலத்தைக் காடு என்றும் எழுதலாம், என்னுடையது என்றும் எழுதலாம். முன்னூறு பேர் காலையில் நடக்கிற கரையை அப்படி லேசில் எழுத முடியாது. வெறும் மீட்பு மட்டும் கேட்டால் நாளைக்கு வாசலில் பூட்டு விழலாம். வெறும் பாதை மட்டும் கேட்டால் கொங்கிறீற் ஊற்றி, கடை கட்டி, களப்பையே மூடிவிடுவார்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே வசனத்தில் கேட்க வேண்டும்.

கொழும்பைப் பாருங்கள். 2018ல் உலகின் முதல் ராம்சார் ஈரநில நகரங்கள் 18ல் ஒன்றாகக் கொழும்பு தெரிவானது. பெத்தகானயில், தியசருவில் சதுப்பு நிலத்துக்கு மேலே பலகைப் பாதை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நீர்க்காகமும் கொக்கும் காட்டுகிறார்கள். நல்லது, நாங்களும் போய்ப் பார்த்திருக்கிறோம். அதே 2018ல் எங்களுக்கு என்ன தந்தார்கள்? அறுவக்காலு. மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு, கொழும்புக் குப்பையை ரயிலேற்றிப் புத்தளத்துக்கு அனுப்பத் திட்டம் போட்டார்கள். கொழும்புக்குச் சதுப்பு நிலப் பூங்கா, எங்களுக்குக் கொழும்பின் குப்பை. அப்போது நாங்கள் மாதக்கணக்காக வீதியில் இருந்தோம். முஸ்லிம், சிங்களம், தமிழ் பார்க்காமல் இருந்தோம். உம்மாமார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் இருந்தார்கள். அந்த ஊர்தான் இது. கொழும்புக் குப்பைக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்திய ஊரில், உள்ளூர்க் குப்பை களப்புக்குள் விழும்போது சத்தமே இல்லை என்றால், கொழும்புக்காரன் சிரிக்கமாட்டானா?

பாதை வந்தால் என்ன வரும் என்று சில நானாமார் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். "பொடியன் பொட்டை சேர்ந்து சுத்துவாங்க, ஊர் கெட்டுப்போகும்." இதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். ஊரைக் கெடுக்கிற ஐஸ் வியாபாரம் இப்போது எங்கே நடக்கிறது? வெளிச்சமான வீதியிலா? ஆள் போகாத பற்றைக்குப் பின்னால், கைவிட்ட பண்ணைக் கொட்டிலுக்குள். சுபஹுக்குப் பிறகு வாப்பாமாரும், அஸருக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகவும் நடக்கிற கரையில் அந்த வியாபாரம் நடக்காது.

ராத்தாமாரைப் பற்றி யாராவது யோசித்தோமா? எங்கட ஊரில் எத்தனை வீட்டில் சீனி வருத்தம், பிறஷர்? டொக்டர் சொல்வது ஒரே வசனம்: தினமும் அரை மணித்தியாலம் நடங்கள். எங்கே நடப்பது? கல்பிட்டி வீதியிலா, லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலா? ஆம்பிளைகளுக்கு மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, கடைத் திண்ணை இருக்கிறது. பெண்களுக்கு மொட்டை மாடி. வசதி இருந்தால்.

இன்னொரு எதிர்ப்பு நுளம்பு. "கண்ணா வந்தால் டெங்கு வரும்." டெங்கு நுளம்பு முட்டை போடுவது டயரிலும் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் தேங்கி நிற்கிற தண்ணீரில். தண்ணீர் ஏறி இறங்கி, மீன் குஞ்சு ஓடித் திரிகிற களப்புச் சேற்றில் அல்ல. இப்போது கரையில் கொட்டிக் கிடக்கிற குப்பைதான் டெங்கு தோட்டம். அதை அள்ளச் சொல்லித்தான் நாங்களும் சொல்கிறோம்.

பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. இறால் தொட்டிகளின் களப்புப் பக்கக் கட்டும் குறுக்குக் கட்டுகளும் பெக்கோ வைத்து உடைபட வேண்டும். ஊர்ப் பக்கத்து வெளிக்கட்டு இருக்கட்டும். ஏற்கெனவே உயர்ந்த மண், அதுதான் பாதை. புதுசாக மண் நிரப்பத் தேவையில்லை. வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் மட்டும் பலகைப் பாலம். கொங்கிறீற் வேண்டாம், கலர் லைட் வேண்டாம், ஸ்பீக்கர் அறவே வேண்டாம். மோட்டார் சைக்கிள் நுழையாத மாதிரி வாயில், ஆனால் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி. மீனவர் தோணி கட்டும் இடமும் வலை காயப்போடும் இடமும் முதலில் குறிக்கப்பட வேண்டும். பாதை அதைச் சுற்றிப் போகட்டும். நடக்க வருகிறவர் பொழுதுபோக்குக்கு வருகிறவர், மீனவர் சோற்றுக்கு வருகிறவர். யார் விலக வேண்டும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

பறவைகளுக்கும் ஒரு பங்கு. செப்டெம்பர், ஒக்டோபரில் வடக்கே குளிர் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிற கரைப்பறவைகள் மார்ச், ஏப்ரல் வரை எங்கட பக்கம் நிற்கும். மன்னார் வங்காலையில் பூநாரை பார்க்க வெளிநாட்டான் டிக்கட் எடுத்து வருகிறான். இந்தப் பறவைகளுக்குத் தேவை திறந்த சேறு. அதற்குள் இருக்கிற புழுவும் சிப்பியும்தான் அவற்றின் சாப்பாடு. வெறும் சேறு கிடக்கிறதே என்று அங்கே போய்க் கண்ணாக் கன்றைக் குத்துவது, நன்மை என்று நினைத்து அந்தப் பறவையின் சோற்றில் மண் போடுவது. ஆகவே, எல்லா இடமும் மரமாக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கே மரம், எங்கே சேறு, எங்கே மனிதக் கால் என்று பிரித்துக் கேட்கிறோம். பறவை கூடும் பக்கத்துப் பாதையை அந்த மாதங்களில் மூடினால் மூடட்டும், சுற்றிப் போவோம்.

மார்க்கத்தைத் தேவைக்கு மட்டும் எடுத்துப் பேசுகிறவர்கள் நாங்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர்கள் கூட்டாளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது குத்பாவில் கேட்டதுதான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாடம். முள்ளுக்கம்பி தொல்லையா இல்லையா? பள்ளிக்கு ஏசி வாங்கித் தந்தவர் என்பதற்காகக் களப்புக்குப் போகும் வழியை அடைத்தவரை முன் ஸப்பில் மரியாதையோடு உட்கார வைப்பதா, இல்லையா? இதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். நாங்கள் பாடசாலை உஸ்தாத்மார் மட்டும்தான்.

சட்டமும் எங்களுக்கு எதிராக இல்லை. 1981ன் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு இணைந்த களப்புகளுக்குள்ளும் குறித்த தூரம் வரை அந்த வலயம் நீளுகிறது. அதற்குள் அனுமதியில்லாமல் நிரப்பவோ கட்டவோ முடியாது. எங்கட கரையின் எந்தத் துண்டு அதற்குள் வருகிறது, எது அரச காணி, எதற்கு உண்மையான உறுதி இருக்கிறது என்று நில அளவை செய்து பலகையில் போட்டு ஒட்டினால் பாதிச் சண்டை முடிந்துவிடும். உண்மையான உறுதி உள்ளவரின் ஒரு பேர்ச்சஸைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அவர் பயப்படத் தேவையில்லை. அளவுக்காரன் வருகிறான் என்றதும் யாருக்கு வியர்க்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கடிதம் எழுதியாகிவிட்டது. நான்கு கோரிக்கைதான். கரையை அளந்து எல்லையைப் பகிரங்கப்படுத்துவது, அது முடியும் வரை ஒரு டிப்பர் மண்கூட விழாமல் தடுப்பது, கைவிட்ட அரச காணித் தொட்டிகளின் கட்டை உடைத்துத் தண்ணீரைத் திறப்பது, வெளிக்கட்டைப் பொதுப் பாதையாகப் பிரதேச சபை பதிவு செய்வது. பிரதிகள் பிரதேச செயலகத்துக்கும், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும், மீனவர் சங்கங்களுக்கும், எல்லாப் பள்ளி நிருவாகங்களுக்கும் போகும். பக்கத்துச் சிங்களக் கிராமத்து விகாரைக்கும் கோயில் நிருவாகத்துக்கும் அவரவர் மொழியில் போகும். களப்பு எங்களுக்கு மட்டும் உரியது என்று நாங்கள் எழுதவில்லை.

லைக் எங்களுக்குத் தேவையில்லை. கையெழுத்து வேண்டும், பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு இருப்போம். பெண்களுக்குப் பாடசாலையில், சனிக்கிழமை காலை. வேலி போட்ட ஆட்களும் வரலாம். பேனா அவர்களுக்கும் தருவோம்.